முன்பாரம் பதினான்கு கிலோ

28 மே 2007, திங்கள்

மணிக்கு எழுபத்தைந்து கிலோமீற்றரில் இல்லாத ஆட்டம் எண்பத்தைந்தில் ஏன் வருகிறது? எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பௌதிகம் படித்தவள். ஊசலைப் பற்றி மூன்று மணி நேரச் சோதனை எழுதியவள். ஆனாலும் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

போடன்சே ஏரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இவர் ஓட்டினார். நான் பக்கத்தில். மகள் ஆரணி பின்னால், காதில் பாட்டு. காருக்குப் பின்னே, மார்ச்சில் வாங்கிய வோன்வாகன் — படுக்கை, அடுப்பு, அலுமாரி எல்லாம் உள்ள, சக்கரத்தின்மேல் ஒரு வீடு. ஸ்டுட்கார்ட்டுக்கு ஐம்பது கிலோமீற்றர் இருக்கையில் ஒரு நீண்ட இறக்கம் வந்தது. ஒரு பெரிய பஸ் எங்களை முந்தியது. அது கடந்த கணத்தில் காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இடப்பக்கம் தள்ளியதுபோல இருந்தது. பிறகு வலப்பக்கம். பிறகு முன்னையதைவிடப் பெரிதாக இடப்பக்கம். பக்கக் கண்ணாடியில் வோன்வாகனின் சுவர் முழுவதும் தெரிந்தது. தெரியவே கூடாத சுவர்.

இவர் காலை எடுக்கவில்லை. வேகம் கூட்ட இன்னும் மிதித்தார்.

"இழுத்தா நேராகும்" என்றார்.

நேராகவில்லை. நான் கத்தினேன் என்று ஆரணி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. இறக்கம் முடிந்து ஏற்றம் வந்ததால் வேகம் தானாகக் குறைந்தது, ஆட்டமும் நின்றது. அந்த இடத்தில் ஒரு மேடு இருந்ததால் மூன்று பேரும் வீட்டுக்கு வந்திருக்கிறோம்.

அடுத்த தரிப்பிடத்தில் ஆரணி புல்லில் சத்தி எடுத்தாள். இவர் சக்கரங்களைச் சப்பாத்துக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்து."

மரங்களைப் பார்த்தேன். ஓர் இலை அசையவில்லை.

29 மே

இவர் தன் அக்காவுக்குத் தொலைபேசியில்: "சும்மா கொஞ்சம் காத்து அடிச்சது அக்கா. இவதான் பயந்துபோனா."

31 மே

வேலையிடத்து நூலகத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். பதினாறு வருடமாக அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். நூலகத்துக்கு ஒருநாளும் போனதில்லை. போகக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானே போகவில்லை. ஏன் என்பதை இன்றைக்கு எழுத விருப்பமில்லை.

விளங்கிய அளவு இது. இழுபடும் வண்டி, காரின் பின்னால் உள்ள இரும்புப் பந்தில் மாட்டியிருக்கிறது. அந்த இடத்தில் அது காரைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இதற்கு முன்பாரம் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். எங்கள் காருக்கு எழுபத்தைந்து கிலோவுக்கு மேலே கூடாது, சட்டப்படி இருபத்தைந்துக்குக் குறையவும் கூடாது. எழுபத்தைந்துக்குக் கிட்ட இருப்பதே நல்லது. பாரமெல்லாம் வண்டியின் வால்பக்கம் போனால் முன்பாரம் குறையும். குறைந்தால் வால் ஆடத் தொடங்கும். மெதுவாகப் போகும்போது ஒவ்வோர் ஆட்டமும் முன்னையதைவிடச் சிறிது. ஒரு வேகத்துக்கு மேலே ஒவ்வொன்றும் முன்னையதைவிடப் பெரிது. அந்த எல்லை எது என்பது, பாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் எங்கள் பாரம் எங்கே இருக்கிறது?

வால்பக்கம். எல்லாமே வால்பக்கம். வடக்கே ஊன்ட்றொப்பில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு இவர் நாலு வருடமாகத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறார். சர்க்கரைத்தண்ணி, மோர், தேசிக்காய்த்தண்ணி. இந்த வருடச் சாமான்களை இப்போதே வோன்வாகனில் ஏற்றிவிட்டார், கெல்லரில், வீட்டு நிலவறையில், இடமில்லை என்று. இருபத்தைந்து கிலோ சீனிச் சாக்கு நாலு. இரண்டு பெரிய அண்டா, கூடாரம், மடக்கு மேசைகள். எல்லாம் பின்சுவரோடு அடுக்கியிருக்கிறது. ஏனென்றால் முன்பக்க ஆசனத்தில் அம்மாளின் படம் இருக்கிறது. கண்ணாடி போட்ட பெரிய படம். பித்தளைக் குத்துவிளக்கும் உண்டு. அம்மாளுக்கு முன்னால் சாக்கும் அண்டாவும் கிடக்கக்கூடாது. பார்வை மறைக்கக்கூடாது. ஆகவே நடுவும் வெறுமை.

நான் அதைப் பார்த்தேன், மார்ச்சிலேயே. ஒன்றும் சொல்லவில்லை. சாமி விசயத்தில் நான் வாய் திறப்பதில்லை என்று கலியாணம் கட்டிய வருடமே முடிவெடுத்தவள்.

2 ஜூன், சனி

இவர் காலை வேலைக்குப் போனபின் குளியலறைத் தராசை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கூட்டுகிற தும்புக்கட்டையின் பிடியை வெட்டி, முட்டுக்கொடுக்கப் பந்து உயரத்துக்கு ஒரு முண்டு செய்திருந்தேன். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தராசை வோன்வாகனின் மூக்குக்கு, பந்தில் மாட்டும் முனைக்கு, நேர் கீழே வைத்து, முண்டை அதன்மேல் நிறுத்தி, மூக்கைத் தாங்கும் சின்ன முன்சில்லைச் சுழற்றி மேலே எடுத்தேன். முழுப் பாரமும் முண்டில் இறங்கியது. ஊசி பதினைந்தில் நின்றது. முண்டு ஒரு கிலோ.

பதினான்கு.

மூன்று தரம் அளந்தேன். பதினான்கு, பதினான்கு, பதின்மூன்றரை.

பதினான்கு கிலோவோடு என் பிள்ளையை ஆட்டோபான் நெடுஞ்சாலையில் கொண்டு வந்திருக்கிறார். நானும் பக்கத்தில் இருந்து மாம்பழம் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

3 ஜூன்

சாப்பிட்டு முடித்தபின் சொன்னேன். கத்தவில்லை. தாளில் எழுதிக் காட்டினேன்.

தாளைப் பார்க்கவில்லை. "நான் இருபது வருசமா லாகர் களஞ்சியத்தில பாரம் தூக்கிற வண்டி ஓடுறன். முன்னுக்குப் பாரம் தூக்கவேணுமெண்டால் பின்னுக்கு நிறை இருக்கவேணும். இல்லாட்டில் மூக்கடிபடக் கவிழும். இது புத்தகத்தில இராது."

"அது தூக்கிற வண்டி. இது இழுபடுற வண்டி. அதில உங்கட பாரம் முன்னுக்கு. இதில முன்னுக்கு நாங்கள் இருக்கிறம்."

"பின்னுக்கு நிறை இருக்கிறபடியால்தான் கார் பதியாமல் நிக்குது. நீர் சொல்லுற மாதிரி ஏத்தினால் காருக்குக் குண்டி நிலத்தில முட்டும்."

"முட்டாது. கார் செய்தவனே எழுபத்தைஞ்சு தாங்கும் எண்டு தகடு அடிச்சு வச்சிருக்கிறான்."

அதற்குப் பிறகு சொன்னார். இருபத்தொரு வருடத்தில் ஒருநாளும் சொல்லாதது.

"நீ போய் உன்ர கண்ணாடியளைக் கழுவு."

'நீர்' எங்கே போனது என்று ஒரு கணம் தேடினேன். பிறகு மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையை மறுபடி துடைத்தேன்.

4 ஜூன்

எழுத ஒன்றுமில்லை. கோபம் இன்னும் போகவில்லை.

7 ஜூன்

கனடாவிலிருந்து இவரின் தம்பி. ஒலிபெருக்கியில் போட்டுக் கதைத்தார், நானும் கேட்க வேண்டும் என்றுதான். அங்கே பெரிய வோன்வாகன் இழுப்பவர்கள், காரில் வண்டியை மாட்டும் கொழுவியிலிருந்து இரண்டு பக்கமும் வில்லுக்கம்பி பூட்டுவார்களாம். அது காரின் பின்சில்லில் விழும் பாரத்தைத் தூக்கி முன்சில்லுக்கும் பகிர்ந்து கொடுக்குமாம். கூடவே ஆட்டத்தைப் பிடிக்க ஒரு தடுப்பானும் உண்டாம். "பூட்டினா றெயின் மாதிரிப் போகும் அண்ணை."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாமானை இறக்கி ஏற்றத் தேவையில்லை. அம்மாளை அசைக்கத் தேவையில்லை. முக்கியமாக, நான் சொன்னது சரியாகத் தேவையில்லை. ஒரு பெட்டி கப்பலில் வரும், முறுக்கிப் பூட்டினால் முடிந்தது.

9 ஜூன், சனி

கிறிஸ்தோப்பர் வந்தான். சில்லாலை ஆள், பதினைந்து வருடமாக இங்கே லொறி ஓடுகிறான். எங்கள் காருக்குக் கொழுவி பூட்டித் தந்ததும் அவன்தான். இவர் வில்லுக்கம்பியைப் பற்றிக் கேட்டார். கிறிஸ்தோப்பர் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, அது அங்கத்தைய வண்டிக்கு. இஞ்சத்தைய வோன்வாகனுக்கு மூக்கு உள்ளுக்குப் போய்த்தான் பிறேக் பிடிக்கிறது. நீங்கள் பிறேக் அடிச்சா அது பின்னால வந்து தள்ளும், தள்ளுற தள்ளிலதான் அதின்ர பிறேக் இறுகும். அதில கம்பியைப் பூட்டினா மூக்கு அசையாது. பிறேக்கும் இல்லை."

"அப்ப என்ன செய்யிறது?"

"பாரத்தை நடுவுக்கு எடுங்கோ. முன்பாரம் பாருங்கோ. அக்காவுக்குத் தெரியுமெல்லே, அவ பௌதிகம்."

"ஓம் ஓம்" என்றார் இவர்.

ஓம் ஓம்! நான் சொன்னபோது கண்ணாடி கழுவப் போ. அவன் சொன்னபோது ஓம் ஓம். தேத்தண்ணீர்க் கோப்பையை அவர் முன்னால் வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது. துடைக்கவில்லை.

பிறகு கிறிஸ்தோப்பர் கீழே போய் மூக்கைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். உள்ளே இரண்டு பக்கமும் உராய்வுக் கட்டைகள் இருக்கின்றன. பந்தை இறுகப் பிடித்து, ஆட்டத்தை உராய்வால் அடக்குவதற்கு. பந்து உலர்ந்த வெறும் இரும்பாக இருந்தால்தான் அது பிடிக்கும்.

எங்கள் பந்து நல்லெண்ணெயில் மினுங்கியது. அதன்மேல் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம்.

"இது ஆரக்கா செய்யிறது?" என்று மெதுவாகக் கேட்டான்.

மல்லிகா மச்சாள். இவரின் அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறா. வண்டி வாங்கியபோது ஐயர் வந்து பூசை செய்து பந்துக்குப் பொட்டு வைத்தார். அன்றிலிருந்து மச்சாள், "சிவலிங்கம் மாதிரியே இருக்கு" என்று சொல்லி, நாங்கள் புறப்படும் ஒவ்வொரு தரமும் பந்துக்கு எண்ணெய்க் காப்பும் பொட்டும். போடன்சேக்குப் போகும்போதும் வைத்தா. திரும்பி வரும்போது வைப்பதற்கென்று சின்னப் போத்தலில் தந்தும் விட்டா. வைத்தது ஆரணி.

கிறிஸ்தோப்பர் சிரிக்கவில்லை. "கட்டை ரெண்டும் எண்ணெய் குடிச்சிட்டுது. மாத்தவேணும். நான் புதுசு கொண்டுவாறன். ஆனா பந்தைத் துடைச்சு வையுங்கோ, ஒரு சொட்டும் இருக்கக்கூடாது." கொஞ்சம் யோசித்துவிட்டு: "நாங்கள் வேதக்காரர். நான் துடைச்சா வேற கதை வரும். நீங்களே செய்யுங்கோ அக்கா."

10 ஜூன்

ஓம் ஓம் சொன்னவர் ஒரு சாக்கையும் அசைக்கவில்லை. கேட்டேன். "தேருக்குப் போற வண்டியில அம்மாளை மூட்டைக்குப் பின்னால வைக்கச் சொல்லுறியோ?"

14 ஜூன், வியாழன்

துடைத்தேன்.

வேலையிடத்திலிருந்து ஒரு சிறிய போத்தலில் மதுசாரம் கொண்டுவந்தேன், குடுவைகளின் எண்ணெய் எடுக்க நாங்கள் பாவிப்பது. பழைய சீலைத்துண்டு. பந்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். துணி முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு கறுப்பு. கடைசியில் இரும்பு தெரிந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கீச்சென்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

நிமிர்ந்தபோது மல்லிகா மச்சாள் நின்றா. எவ்வளவு நேரம் நின்றாவோ. என் கையில் இருந்த சிவந்த துணியைத்தான் பார்த்தா.

"எடி ரமா. உன்ர கையாலயோ?"

"மச்சாள், எண்ணெய் இருந்தா அது பிடிக்காது. வழுக்கும்."

"கட்டின பெண்டாட்டி, புருசன் ஓடுற வண்டிக்குப் பொட்டழிக்கிறாளே."

"அது பந்து மச்சாள். இரும்பு."

"எனக்கு அழிச்ச நாள் எனக்கு ஞாபகமிருக்கு" என்றா. திரும்பிப் போய்விட்டா.

அவவின் புருசன் எண்பத்தேழில் செத்தவர். மானிப்பாயில், கடைக்குப் போன வழியில். அவவுக்கு இருபத்தொன்பது வயது. எனக்கு அவமேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. அதுவே எனக்குக் கோபமாயிருக்கிறது.

15 ஜூன்

இவர் சாப்பிடவில்லை. அக்கா சொல்லியிருக்கிறா.

"துடைச்சது நான்தான். நாளைக்கும் துடைப்பன்" என்றேன். "முன்பாரம் சரியில்லாமல் அந்த வண்டி வெளிக்கிட்டால் நான் ஏறமாட்டன். ஆரணியும் ஏறமாட்டாள். நாங்கள் றெயினில வருவம்."

"ஏறாட்டில் விடு."

ஆரணி சோபாவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. எங்கள் சண்டைகளில் டொச்சில், ஜெர்மன் மொழியில், மட்டும்தான் வாய் திறப்பாள். இன்று தமிழில் சொன்னாள்: "நான் அப்பாவோட காரில போறன்."

"நீ சத்தி எடுத்தனி. மறந்துபோனியே?"

"மறக்கேல்லை. அப்பா தனியப் போனா, ஆடேக்க காலை எடுங்கோ எண்டு சொல்லுறதுக்கு ஆக்கள் இல்லையே."

இவர் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இனி இது என் சொல் எடுபடுகிறதா இல்லையா என்ற கதை அல்ல. என் பிள்ளை அந்தக் காரில் இருக்கப் போகிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை. நாற்பத்தைந்தாம் ஆட்டோபான் வழியாக, சவர்லாந்து மலைகளுக்கூடாக. பாலமும் இறக்கமுமாக நூறு கிலோமீற்றருக்கு மேலே.

16 ஜூன்

கிறிஸ்தோப்பர் புதுக் கட்டைகளைப் பூட்டிவிட்டுப் போனான். இவர் வேலையில் இருந்தார். ஆக, பந்து பிடிக்கும். பாரம் இன்னும் வாலில். பிடிக்கும் பந்து நல்லதுதான், ஆனால் அது பிழையான பாரத்தைச் சரியாக்காது. புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

17 ஜூன், ஞாயிறு

செய்யமாட்டேன் என்று நினைத்திருந்த ஒன்றைச் செய்தேன்.

மல்லிகா மச்சாள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தா, உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் வாசலில் நின்றே சொன்னேன்: "மச்சாள், உங்கட தம்பி உயிரோட வரவேணுமெண்டுதான் துடைச்சனான். நீங்கள் பொட்டு வைச்சதும் அதுக்குத்தான்."

கதவில் வைத்த கையை எடுக்கவில்லை.

"என்னோட ஒருக்கா வாங்கோ. ஒண்டு காட்டவேணும். நான் சொல்லுறதை நம்பவேண்டாம். பாருங்கோ, காணும்."

வந்தா. மூன்று செம்பில் வாய் முட்டத் தண்ணீர் எடுத்தேன். ஒன்றை வோன்வாகனின் முன்பக்கம், அம்மாளுக்குப் பக்கத்தில் ஆசனத்தில் வைத்தேன். ஒன்றைப் பின்பக்கம், சாக்குகளுக்கு மேலே. ஒன்றை நடுவில், சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் அலுமாரித் தட்டில். மச்சாளைக் கதவடியில் நிற்கச் சொன்னேன். ஆரணி வெளியே போய்ப் பின்பக்கத்தைக் கையால் அமத்தி அமத்தி விட்டாள்.

பின்செம்பு சிந்தியது. முன்செம்பு சிந்தி, தண்ணீர் ஆசனத்தில் வழிந்து குத்துவிளக்கின் அடியை நனைத்தது. நடுச்செம்பில் தண்ணீர் விளிம்பில் நடுங்கியது, நடுங்கியது, ஒரு துளியும் விழவில்லை.

மச்சாள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தா. "இன்னொருக்கா ஆட்டச் சொல்லு" என்றா. ஆரணி ஆட்டினாள். மச்சாள் குனிந்து நடுச்செம்புக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்தா. எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில்கூட அப்படிக் கவனமாகப் பார்த்தவர்கள் குறைவு.

"அப்ப இவ்வளவு நாளும் அம்மாளைத் தூக்கித் தூக்கி அடிச்சிருக்கிறம்" என்றா.

அப்போதுதான் சொன்னேன். என் வாயால். "அம்மாளுக்கு ஆடாத இடம் சில்லுக்கு மேலதான் மச்சாள். அவவை அந்தத் தட்டில வைப்பம். சீனிச் சாக்கு நாலையும் அவவின்ர காலடியில, நிலத்தில. அவவின்ர பந்தலுக்குப் போற சீனிதானே. படைச்ச மாதிரி இருக்கட்டும்."

"அது சரி" என்றா. நடுச்செம்பைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு: "அது நல்லது."

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். நான் நம்பாத ஒன்றின் பேரால் ஒரு மனுசியைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, தண்ணீர் உண்மையிலேயே சிந்தவில்லை. ஆனாலும் எண்ணை எழுதிக் காட்டியபோது எடுபடாதது, அம்மாளின் காலடி என்றதும் எடுபட்டது. இருபத்தொரு வருடம் வாயை மூடியிருந்ததற்கு, கடைசியில் திறந்து சொன்னது இது.

19 ஜூன்

அக்கா சொல்லியிருக்கிறா. தம்பி செய்திருக்கிறார். வேலையால் வந்து பார்த்தேன். அம்மாள் அலுமாரித் தட்டில், படத்தைச் சுற்றிப் பட்டி கட்டி இறுக்கியிருக்கிறார். நல்ல கட்டு, அது அவரின் தொழில். நாலு சாக்கும் கீழே. என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை.

நான் சொன்னேன் — கேட்கவில்லை. கிறிஸ்தோப்பர் சொன்னான் — தலையாட்டினார். அக்கா சொன்னா — செய்தார். வேலை நடந்தால் போதாதா, யார் சொல்லி நடந்தால் என்ன என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போதாது. எனக்குப் போதாது.

கணக்குப் போட்டேன். நூறு கிலோ சீனி, சில்லிலிருந்து இரண்டு மீற்றர் சொச்சம் பின்னால் இருந்தது நடுவுக்கு வந்திருக்கிறது. அம்மாளும் விளக்கும் முன்னாலிருந்து நடுவுக்கு. முன்பாரம் அறுபத்தைந்து, அறுபத்தாறு வரவேண்டும்.

20 ஜூன்

தராசோடு கீழே போனேன். இவர் கதவடியில் நின்றார். "காணும் உன்ர தராசு. சனம் பாக்குது." எதிர்வீட்டுக் கிழவர் பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் வோன்வாகன்காரர். அவர் இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று இவருக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டேன். ஏன் திரும்பினேன்?

21 ஜூன், வியாழன்

நாளை காலை ஆறரைக்கு வெளிக்கிடுகிறார்கள்.

மறுபடி சொன்னேன். "அறுபத்தாறு எண்டது என்ர கணக்கு. கணக்கு கணக்குத்தான். அளக்கவேணும். அளக்காமல் நான் ஏறேன்."

இவர் சேட்டு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மச்சாள் நாளைக்குக் காலமை எண்ணெய்ப் போத்தலோட வருவா. பந்தில ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தப் புதுக் கட்டை பழுது."

அதற்கும் நிமிரவில்லை.

ஆரணியின் பை கதவடியில் இருக்கிறது. என் பையும் கட்டியிருக்கிறது. றெயினுக்கா காருக்கா என்று அந்தப் பையைக் கேட்டால் தெரியாது. எனக்கும் தெரியாது. பிள்ளை ஏறினால் நான் எப்படி ஏறாமல் நிற்பேன்? ஏறினால் நான் சொன்னதற்கெல்லாம் என்ன பொருள்? இருபத்தொரு வருடம் இப்படித்தான் ஏறியிருக்கிறேன், எல்லாவற்றிலும்.

22 ஜூன், வெள்ளி. ஊன்ட்றொப்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்கு முகம் கழுவப் போனேன். குளியலறையில் தராசைக் காணவில்லை.

சன்னலால் எட்டிப் பார்த்தேன். இவர் வோன்வாகனின் மூக்கடியில் முழங்காலில் நின்றார். என்னுடைய முண்டை வைத்து, முன்சில்லைச் சுழற்றி, குனிந்து பார்த்தார். இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். பிறகு எதிர்ப் பல்கனியை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்துவிட்டு மூன்றாம் தரமும் பார்த்தார்.

நான் இறங்கிப் போனபோது தராசைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அறுபத்தெட்டு" என்றார். "முண்டைக் கழிச்சு."

"மூண்டு தரமும்?"

"மூண்டு தரமும்."

மல்லிகா மச்சாள் ஆறு மணிக்கு வந்தா, கையில் எண்ணெய்ப் போத்தலும் சந்தனக் கிண்ணமும். நான் பந்துக்கு முன்னால் போய் நிற்கலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குமுன் இவர் சொன்னார்: "அக்கா, அதில வேண்டாம். கதவில வையுங்கோ."

மச்சாள் அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு வோன்வாகன் கதவில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, எண்ணெயைக் கதவின் பிணைச்சலில் இரண்டு சொட்டு விட்டா. அந்தப் பிணைச்சல் மார்ச்சிலிருந்து கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. இப்போது இல்லை.

ஏறினேன்.

சவர்லாந்தில் ஒரு நீண்ட இறக்கம். அதன் முடிவில் பாலம். மணிக்கு எழுபத்தெட்டில் போனார். ஒரு பஸ் முந்தியது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். சுவர் தெரியவில்லை. முன்மூலை மட்டும், எப்போதும் தெரியவேண்டிய அளவு. வண்டியை ஒரு தரம் காற்றுத் தள்ளியது, ஒரு தரம் தன் இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். ஆரணி பின்னாலிருந்து, "அப்பா, கால்" என்றாள். அவர் முன்னமே காலை எடுத்திருந்தார்.

கொஞ்சத் தூரம் போனபின் சொன்னார்: "பாத்தீரே. அம்மாள் ஆடேல்லை."

ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கோயிலடிக்கு வந்தோம். கால்வாய்க் கரையில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து வண்டிகள். டுசல்டோர்ஃபிலிருந்து ஒருவர் புது வோன்வாகன் கொண்டுவந்திருந்தார். வழியெல்லாம் வால் ஆடியது என்று முறையிட்டார். காற்று என்றார்.

இவர் அவரின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "காத்தில்லை அண்ணை. பாரம் முழுக்கப் பின்னுக்குக் கிடக்கு. முன்பாரம் பாக்கவேணும். குளியலறைத் தராசு காணும், வேற வேண்டாம். என்ர அறுபத்தெட்டு, நானே காலமை நிறுத்துப் பாத்தனான்."

நான் பக்கத்தில் நின்று சீனிச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிறுத்துப் பார்த்தது அவர்தான். அதை நான் மறுக்க முடியாது.